ஐந்து வருடம் காதலித்தவர் வீட்டில் பார்த்த பெண்ணுக்குச் சரி சொல்லிவிட்டார், இதிலிருந்து எப்படி மீள்வது?

நீங்கள் எழுதியிருப்பதை ஒரு முறை சுருக்கிக்கொள்கிறேன். கல்லூரியில் ஆரம்பித்த காதல். அவர் அம்மா அழுது சாப்பிடாமல் கிடந்ததால் வீட்டில் பார்த்த பெண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார், அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். ஆனால் "கடைசி வரைக்கும் நல்ல நண்பர்களாக இருப்போம்" என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறார், உங்களால் பதில் போடாமல் இருக்க முடியவில்லை, தூக்கம் இல்லை, வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

முதலில் அந்த மெசேஜை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள், இதே நிலையில் என் தங்கையைப் பக்கத்திலிருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

அவள் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். லீவுக்கு ஊருக்கு வந்தவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள், கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டால் சைனஸ் என்பாள். நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் தெருவே வந்து உட்கார்ந்து கூட அழும், பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும், சாப்பிடச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். காதல் போனால் அது எதுவும் கிடையாது. காதலித்ததே வீட்டுக்குத் தெரியாது என்னும்போது அழுவதற்குக்கூட ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, வலியைவிட அந்த மறைப்புதான் அவளைத் தேய்த்தது.

ஒருநாள் அவளைப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீக்குக் காசு கொடுக்க ஜிபே திறந்தாள், வட்ட வட்டமாக வருமே முகங்கள், அதில் முதல் முகமே அவன். ரீசார்ஜ், பஸ் டிக்கெட், பிறந்தநாள் கேக் என்று எல்லாம் அவனோடுதான் கணக்கு, அதனால் அவன்தான் முன்னால் நிற்கிறான். காசு போய்விட்டது, டீ அப்படியே ஆறிப்போனது, அவளால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் பிளாக் செய்தால் போதாது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து ஜிபேயில் பிளாக், இன்ஸ்டாகிராமில் பிளாக், கூகுள் போட்டோஸில் அவன் முகம் பழைய நினைவுகளில் வராதபடி மறைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். படங்களை அழிக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை. அழித்தாலும் கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை கிடக்கும், ராத்திரி இரண்டு மணிக்குத் தோண்டி எடுக்கத் தோன்றும். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு என் பீரோவில் வைத்துவிட்டு, அவள் போனிலிருந்து மட்டும் எடுத்துவிட்டோம்.

இவ்வளவு பிடிவாதமாக இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2010-இல் ஹெலன் ஃபிஷர் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் அவர் குழுவினரும், காதலில் கைவிடப்பட்டு இன்னும் அந்த ஆளை மறக்க முடியாமல் இருந்த 15 பேருக்கு, அந்த ஆளின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கோகைன் பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்கு ஏக்கம் வரும்போது வேலை செய்யும் பகுதிகள் இவர்களுக்கும் வேலை செய்தன. அடுத்த வருடம் வேறு ஒரு குழு 40 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பிரிந்துபோனவரின் படத்தைப் பார்க்கும்போதும் முன்கையில் வலிக்கும் அளவுக்கு வெப்பம் கொடுக்கும்போதும் மூளையில் சில பகுதிகள் ஒன்றுபோலவே செயல்பட்டன. அதனால் "நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதை யாராவது நாடகம் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஃபிஷர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பிரிந்து நாள் கூடக் கூட, பற்றோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதியில் செயல்பாடு குறைவாக இருந்தது. ஆனால் தினமும் அவர் மெசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு அந்த நாட்கள் எண்ணத் தொடங்குவதே இல்லை என்பது என் எண்ணம்.

நண்பர்களாக இருப்போம் என்கிறாரே, அதில் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பதில் போடும் ஒவ்வொரு தடவையும் அவர் மனசிலிருக்கும் பாரம் கொஞ்சம் இறங்குகிறது, உங்களுக்கோ "ஒருவேளை மாறிவிடுவாரோ" என்று இன்னொரு ராத்திரி போகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று இல்லை. அம்மா அழுவதைப் பார்த்து நிஜமாகவே உடைந்திருக்கலாம். சாதி வேறு என்று எழுதியிருக்கிறீர்கள், நம் ஊரில் அதற்காக உயிரையே எடுத்திருக்கிறார்கள், அந்தப் பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும் முடிவு எடுத்தாகிவிட்டது, சம்மதம் சொன்னதும் அவர்தான். கடைசியாக ஒரு முறை நேரில் சந்தித்து ஏன் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் இதே பதில்தான் இன்னும் கொஞ்சம் கண்ணீரோடு வரும், அதற்காகப் போகாதீர்கள்.

ஒரே ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லிவிடுங்கள். அக்கா, அத்தை மகள், விடுதித் தோழி, யாராக இருந்தாலும் சரி, இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோகும் பொது நண்பர் மட்டும் வேண்டாம். ராத்திரி போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். சாப்பாடு இறங்கவில்லை என்றால் கஞ்சியோ மோர் சாதமோ நேரத்துக்குக் கொஞ்சமாவது உள்ளே போகட்டும். வீட்டில் இப்போது ஜாதகம் எடுத்தால் ஆறு மாதம் பொறுங்கள் என்று சொல்லிவிடுங்கள். "அவனுக்கு முன்னால் நான் கட்டிக்கொள்கிறேன் பார்" என்ற வேகத்தில் தலையாட்டினால், எதுவும் தெரியாத இன்னொரு மனிதர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

செத்துப்போகலாமா என்ற நினைப்பு ஒரு கணம் வந்தால்கூட, காத்திருக்காமல் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பிடமும் பேசலாம். காதல் விஷயத்துக்கெல்லாம் கூப்பிடுவதா என்று தயங்காதீர்கள், இந்த மாதிரி ராத்திரிகளுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

நிச்சயதார்த்த நாளுக்கும் இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்றைக்குத் தனியாக அறையில் இருக்காதீர்கள், விவரம் தெரிந்த அந்த ஒருவரோடு இருங்கள், முடிந்தால் வெளியூர் போய்விடுங்கள். பொது நண்பர்கள் எல்லோருடைய ஸ்டேட்டஸையும் அந்த வாரம் முழுக்க மியூட்டில் போடுங்கள், யாராவது ஒருவர் மேடைப் படத்தை நிச்சயம் போடுவார். "நீயும் வந்தால் சந்தோஷப்படுவேன்" என்று அவரே கூப்பிட்டாலும் போக வேண்டாம், ஏன் வரவில்லை என்று யார் கேட்டாலும் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.