கடலுக்குள் ஒலி எப்படிப் பயணிக்கிறது? அதை நேரில் அளக்காமல் கணினியில் மாடல் போட்டுப் பார்ப்பது ஏன்?

கேள்வியில் “நேரில் அளக்காமல்” என்று இருக்கிறதே, அதற்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். கடல் ஒலியியல் திட்டம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். “ரூமுக்குள்ள உக்காந்து கம்ப்யூட்டர்ல படம் போடுறதெல்லாம் ஆராய்ச்சியா?” என்று சொந்தக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் புராஜெக்ட் தேடும் மாணவராக இருக்கலாம், யாரோ உங்களிடமும் இதையே சொல்லியிருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர், கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். பள்ளிப் பாடம் இதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த 1,500 இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் மாறும். வெப்பம் 1 டிகிரி கூடினால் வேகம் 2 முதல் 4 மீட்டருக்கு மேல் வரை கூடும். குளிர்ந்த நீரில் இந்த மாற்றம் அதிகம், நம் பக்கத்துச் சூடான நீரில் குறைவு. 100 மீட்டர் கீழே போனால் அழுத்தத்தால் மட்டும் 1.6 மீட்டர் போலக் கூடும். உப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் மாற்றும். 1,500-இல் இரண்டு மூன்று மீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் மணலில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும் இல்லையா, ஒலியும் வேகம் குறைந்த நீர் இருக்கும் பக்கம் வளைந்துவிடும். கடலில் ஒலி நேர்கோட்டில் போவது அபூர்வம்.

இதை நான் கண்ணால் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். வங்கக் கடலில், கரையை விட்டு வெகுதூரம் தள்ளி, நல்ல ஆழத்தில் கப்பல் நின்றிருந்தது. மார்ச் மாதம், காற்றே இல்லை. கப்பலின் பக்கவாட்டில் ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒலி எழுப்பும் கருவியை இறக்கியிருந்தோம். முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் சின்னப் படகு. அதிலிருந்து கிட்டத்தட்ட அதே ஆழத்தில் ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக். காலையில் ஒவ்வொரு பிங்கும், அதாவது கருவி எழுப்பும் குறுகிய ஒலியும், கணீரென்று வந்தது. மதியம் இரண்டு மணி வாக்கில் சிக்னல் இரைச்சலுக்குள் அமுங்கிப் போனது. தூரத்தை ஜிபிஎஸ்ஸில் சரிபார்த்தோம், மாறவில்லை.

“கேபிள்ல தண்ணி இறங்கிருச்சு மேடம்” என்றார் டெக்னீஷியன். கப்பல் தொழிலாளர்களின் தலைவரான செராங், ஹைட்ரோபோனை மேலே தூக்க ஆள் அனுப்பத் தயாரானார். தலைமை விஞ்ஞானிக்கும் அதே எண்ணம்தான். “சார், தூக்குறதுக்கு முன்னாடி ஒரு சிடிடி இறக்கிப் பார்த்துடலாமா?” என்று கேட்டேன். சிடிடி என்பது ஆழம் ஆழமாக வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே இறங்கும் கருவி. காலையில் மேல் அடுக்கு முழுக்க ஒரே சீராக இருந்த நீரில், இப்போது மேல் பத்து மீட்டர் மட்டும் வெயிலில் ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறியிருந்தது.

அந்த எண்களை லேப்டாப்பில் இருந்த கதிர் மாடலில், அதாவது ஒலி போகும் பாதைகளைக் கோடுகளாக வரையும் மாடலில் போட்டேன். மேலே வேகம் அதிகம், கீழே குறைவு. அதனால் கதிர்கள் எல்லாம் கீழ்நோக்கி வளைந்தன. ஐந்து மீட்டர் ஆழத்தில், ஐந்நூறு மீட்டர் தாண்டியதும் ஒலி நிழல், அதாவது ஒலி எட்டாத பகுதி, விழுந்தது. எங்கள் ஹைட்ரோபோன் அந்த நிழலுக்குள் நின்றது. நாற்பது மீட்டருக்கு இறக்கினால் நன்றாகக் கேட்க வேண்டும் என்றது அதே கணக்கு. இறக்கினோம். காலையில் கேட்ட அதே பிங் வந்தது. கேபிளில் ஒரு குறையும் இல்லை.

இனி “நேரில் அளந்தால் போதும்” என்பதை யோசித்துப் பாருங்கள். அன்று அளவு மட்டும் இருந்திருந்தால் நல்ல கருவியைப் பழுது என்று எழுதி மூலையில் வைத்திருப்பார்கள்.

கடற்படையில் இருந்தவர்கள் “இது எங்களுக்குப் பழைய கதை” என்று சொல்லலாம். உண்மைதான். 1930-களிலேயே அமெரிக்கக் கடற்படையின் சோனார்கள், அதாவது ஒலியை வைத்து நீர்மூழ்கிகளைத் தேடும் கருவிகள், காலையில் நன்றாக வேலை செய்து பிற்பகலில் சொதப்பின. சாப்பாட்டுக்குப் பிறகு ஆபரேட்டர்கள் கண் அயர்கிறார்கள் என்றுகூட முதலில் நினைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் கடலின் வெப்பத்தை ஆழவாரியாகப் பதிவு செய்யும் கருவியைச் செய்த பிறகே காரணம் கைக்கு வந்தது. கண்டுபிடிப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

இதே வளைவுதான் ஒலியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோகிறது. ஆழக் கடலில் மேலே வெப்பத்தால் வேகம் அதிகம், அடியில் அழுத்தத்தால் அதிகம், நடுவே ஒரு ஆழத்தில் மிகக் குறைவு. பல பெருங்கடல்களில் அது 1,000 மீட்டரை ஒட்டி; துருவப் பக்கம் மேலேறும். மேலே போன ஒலி கீழே வளையும், கீழே போனது மேலே வளையும். பரப்பையும் தரையையும் தொடாமல் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் யூவிங் 1944-இல் இதைச் சோதித்துக் காட்டினார். சோவியத் நாட்டில் லியோனிட் பிரெகோவ்ஸ்கிக் தனியே கண்டறிந்தார்.

1960-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் வெடித்த வெடிகள், ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் கேட்டன. 3 மணி 43 நிமிடம் ஆனது. நேரில் அளந்த, சந்தேகமற்ற அளவு. ஆனால் ஒலி எந்த வழியாக வந்தது? பூமி சரியான உருண்டை இல்லை என்பதையும், தெற்குப் பெருங்கடலின் குளிர்நீர் ஒலியைப் பக்கவாட்டிலும் திருப்பும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே பாதை புரியத் தொடங்கியது. கடலியல் விஞ்ஞானி வால்டர் மங்க் குழுவின் கட்டுரை 1988-இல், இன்னொரு குழுவின் மாடல் விளக்கம் 1991-இல். அளவு கையில் இருந்தும் விளக்கம் வர முப்பது ஆண்டுகள்!

நம் கரைக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தின் ஓசையை இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியா அருகிலிருந்த ஹைட்ரோபோன்கள் பதிவு செய்தன. ஒலி வந்த திசை நேரம் போகப் போக வடக்கே நகர்ந்தது. அதை வைத்து, பிளவு அந்தமான் பக்கமாகச் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓடியதைப் பின்னர் வரைந்து காட்டினார்கள்.

மாடல்களில் கதிர் முறை ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாமே ஒரே அலைச் சமன்பாட்டின் தீர்வுகள். அதிர்வெண் குறைவாக, நீரும் ஆழமில்லாமல் இருந்தால் கதிர் உதவாது. பரப்புக்கும் தரைக்கும் இடையில் நிற்கக்கூடிய அலை வடிவங்களைக் கூட்டிக் கணக்கிடும் முறை வேண்டும். விஞ்ஞானி பெகெரிஸ் 1948-இல் அதற்கு வழி காட்டினார். தூரத்தோடு கடலே மாறிக்கொண்டு போனால், அலையை அடியடியாக முன்னே நகர்த்தும் பரவளையச் சமன்பாட்டு முறை. 1970-களில் விஞ்ஞானி டாப்பர்ட் அதைக் கடல் ஒலிக்குக் கொண்டுவந்தார்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். மாடல் போடுபவர்கள் கடலையே பார்த்ததில்லை என்று பேசுகிறவர்கள், எங்களில் பலரை ஏன் கப்பலில் ஏற்றவில்லை என்றும் சொல்லட்டும். “லேடீஸுக்குத் தனி கேபின் இல்லம்மா, அடுத்த தடவை பாப்போம்” என்று பயணப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்திருக்கிறார்கள். என் இடத்தில் போன பையனுக்கு அந்த மாடலை ஓட்டவே தெரியாது. திரும்பி வந்த தரவைச் சரிசெய்தது நான். அறிக்கையில் பெயர் அவனுடையது. இதை எழுதும்போது இன்றும் கோபம் வருகிறது.

தொடங்க விரும்பினால் பெல்ஹாப் என்ற கதிர் மாடல் இலவசமாகக் கிடைக்கும். வெப்பம், உப்புத் தரவுக்கு ஆர்கோ மிதவைகள், அதாவது கடலில் மூழ்கி எழுந்து தானே அளக்கும் கருவிகள். யாரும் தரவிறக்கலாம், 2,000 மீட்டர் வரை இருக்கும். மேற்பரப்பை ஒட்டிய சில மீட்டர்களில் மட்டும் அதை நம்பாதீர்கள். நான் சொன்ன பிற்பகல் சூடு அதில் சரியாக விழாது. ஆழமில்லாத கடல் என்றால் தரையின் தன்மை விடையையே மாற்றிவிடும். தரை பற்றித் தகவல் கிடைக்காவிட்டால் மணலுக்கு ஒருமுறை, சேற்றுக்கு ஒருமுறை ஓட்டி, இரண்டு விடைகளையும் அறிக்கையில் காட்டுங்கள்.