செட்டிநாட்டு மிளகுக்கோழிக்கு எந்தத் திராட்சை வைன்?

காரைக்குடிப் பக்கத்து மிளகுக்கோழி வறுவலோடு எந்த வைன் சேரும் என்றால், முதலில் திராட்சை ரகத்தைப் பாருங்கள். பாட்டிலில் கேபர்னே சாவிஞான், ரீஸ்லிங் என்று எழுதியிருப்பது அதுதான்.

கேபர்னே சிவப்பு வைனுக்கான திராட்சை. அதன் தடித்த தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் நாக்கைப் பிடிக்குமே, அதே துவர்ப்பு. ஆல்கஹாலும் 13, 14 சதவீதம் வரும். அது மிளகாய் எரிச்சலைக் கிளறிவிடும். வரமிளகாயும் மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த மசாலாவோடு இதைக் குடித்தால் வாய் எரிவதுதான் மிச்சம்.

நான் எடுப்பது லேசான இனிப்புள்ள ஜெர்மன் ரீஸ்லிங், இது வெள்ளை வைன். பலவற்றில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். இனிப்பு காரத்தை அடக்கும், புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும். நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள், அப்புறம் தெரியும்.

கறி என்றாலே சிவப்பு வைன் என்று பலர் நினைக்கிறார்கள். செட்டிநாட்டுச் சமையலில் முன்னால் நிற்பது மசாலா, அதனால் கறிக்கும் வெள்ளை வைன் தாராளமாகப் பொருந்தும்.