கனவு எந்த இடத்தில் உடைகிறது?

ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில், பண்ணைக் கூலிகளான ஜார்ஜும் அவன் நண்பன் லென்னியும் சொந்த நிலம் வாங்கக் கனவு காண்கிறார்கள். அதைப் பற்றிய கட்டுரையில் "லென்னி செத்ததால் கனவு கலைந்தது" என்று எழுதியதற்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். வரிசை மாறிவிட்டது, அதுதான் சிக்கல். ஐந்தாம் பகுதியில், லென்னி தெரியாமல் கொன்றுவிட்ட, பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி வைக்கோலில் பிணமாகக் கிடக்கும்போதே கனவு முடிகிறது. நாம் இருவராவது நிலத்தை வாங்கலாமே என்கிறார், அந்தக் கனவில் பிறகு சேர்ந்துகொண்ட கிழட்டுப் பண்ணையாள் கேண்டி. நடக்காதென்று முதலிலிருந்தே தெரியும் போல என்கிறான் ஜார்ஜ்.

பணமில்லாததுதான் காரணம் என்றும் எழுதிவிடாதீர்கள். நிலம் 600 டாலர். மாதக் கடைசியில் கேண்டியிடம் 350, மற்ற இருவரின் கூலி 100. முக்கால் பங்கு தேறிவிடும்! லென்னி கேட்கக் கேட்கத்தான் ஜார்ஜுக்கே அந்தக் கனவில் நம்பிக்கை ஊறுகிறது.

நட்பின் விரிசலுக்கு முதல் பகுதியை எடுங்கள். பீன்ஸைக் கெச்சப்போடு தின்னத்தான் பிடிக்கும் என்று லென்னி சொன்னதும் ஜார்ஜ் வெடிக்கிறான்: தனியாளாக இருந்தால் மாதம் 50 டாலரை வாங்கி ஊருக்குள் போய் இஷ்டப்படி செலவழிப்பேனே! ஐந்தாம் பகுதியில் அதே 50 டாலர் மறுபடி வருகிறது, இம்முறை தனித்து விடப்பட்டவனின் தண்டனையாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். கேண்டியின் நாயையும் விடாதீர்கள். அதைக் கொன்ற, பண்ணையாள் கார்ல்சனின் லூகர் கைத்துப்பாக்கிதான் கடைசியில் லென்னியைச் சுடும்போது ஜார்ஜ் கையில் இருப்பது.