காவலாளி பார்த்ததுமே ஆட்டம் முடிந்துவிட்டால்?

வணக்கம். பத்து நிமிடத்தில் முடியும் பதுங்கல் கேம் (காவலாளி கண்ணில் படாமல் நழுவிப் போகும் கேம்) ஒன்று செய்திருப்பதாகவும், ஆடியவர்கள் மூன்றாவது அறையோடு விட்டுவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். காவலாளி பார்த்த நொடியே 'கேம் ஓவர்', திரும்ப முதல் அறை என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான்.

மாட்டுவதற்கும் தோற்பதற்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் வேண்டும். காவலாளி முதலில் சந்தேகப்படட்டும். நின்று, "யாரது?" என்று கேட்டு, டார்ச்சைத் திருப்பட்டும். அந்த இரண்டு நொடியில் பாய்ந்துபோய் பீப்பாய்க்குப் பின்னால் ஒடுங்குவதில்தான் இந்த வகை கேமின் ருசியே இருக்கிறது.

அப்புறம், ஏன் மாட்டினோம் என்பது ஆடுபவருக்குப் புரிய வேண்டும். 1998இல் வந்த 'தீஃப்' என்ற கேம் திரையின் அடியில் ஒரு ரத்தினம் வைத்தது. வெளிச்சத்தில் நின்றால் ஒளிரும், இருட்டில் மங்கும். 2012இல் 'மார்க் ஆஃப் த நிஞ்சா' காலடிச் சத்தம் எட்டும் தூரத்தை வட்டமாகவே வரைந்து காட்டியது. உங்களுடையது மேலிருந்து பார்க்கும் கேம், வட்டமே பொருந்தும், வரைவதும் சுலபம்.

செக்பாயிண்ட்டை, அதாவது தோற்றால் திரும்பத் தொடங்கும் இடத்தை, ஒவ்வொரு அறை வாசலிலும் வையுங்கள். காவலாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது எனக்குப் பிடிக்காது. கண்டபடி அலையும் நாலு பேரைவிட, கணிக்கக்கூடிய பாதையில் நடக்கும் ஒருவரே மேல்.

சரி, மாற்றியதும் மூன்றாவது அறையை மட்டும் அனுப்புங்கள், ஆடிப் பார்க்கிறேன்.