மாணவர்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் இரவானால் நெட் ஏன் இழுக்கிறது?

பகலில் நன்றாக ஓடும் நெட், இரவில் ஐந்து பேரும் வந்ததும் திணறுகிறது என்கிறீர்கள். பிளானை மாற்றும் முன், அதே நேரத்தில் லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கேபிளில் சரியாக வந்தால் கோளாறு வைஃபையில்தான். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

கேபிளிலும் மந்தமா? பெரும்பாலும் அப்லோடுதான் காரணம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. யாரோ ஒருவரின் போன் அன்றைய வீடியோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடுக்கான அந்தக் குறுகிய பாதை நிரம்பினால் எல்லோருடைய வீடியோ காலும் உறைந்துவிடும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று கட்டுப்படுத்தும்) வசதி இருந்தால், அப்லோடு வரம்பை அளந்த அப்லோடு வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். பேக்கப்பை விடியற்காலைக்கு மாற்றச் சொல்லி எல்லோரிடமும் பேசுங்கள். மற்றவர்களைத் துண்டித்த பிறகும் மந்தம் என்றால் மட்டும், அளவுகளைக் குறித்துவைத்து இணைப்பு நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்.