கியூப் உடைப்பவருக்குச் சான்றிதழ்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்து, காரைக்குடியில் ஒரு லேபில் கான்கிரீட் கியூப்பை (கனசதுரக் கட்டியை) மிஷினில் உடைத்து வலிமை பார்க்கிறேன். வளைகுடா வேலைக்கு அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் சான்றிதழ் கேட்கிறார்கள். எப்படித் தயாராவது?
- வாசகர், கோட்டையூர்

பதில்: தம்பி, எழுத்து, செய்முறை என்று இரண்டு தேர்விலும் தேற வேண்டும். சான்றிதழ் 5 ஆண்டு செல்லும். நீங்கள் பழகியது ஐ.எஸ். 516 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் 150 மி.மீ. கியூப்; இந்தத் தேர்வில் உடைப்பது சிலிண்டர் (உருளை). முனை சமமில்லாவிட்டால் வலிமை குறைத்துக் காட்டும். அதனால் முனையைச் சமமாக்கும் கந்தகக் கேப்பிங் (உருக்கிய கந்தகப் பூச்சு), முனையில் வைக்கும் ரப்பர் பேட் இரண்டையும் உங்கள் கையாலேயே செய்து பழகுங்கள். அப்புறம், பளு ஏற்றும் வேகம்: விநாடிக்குச் சுமார் 0.25 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). சீக்கிரம் முடிக்க மிஷினை விரட்டினால் வலிமை எண் உண்மையைவிடக் கூடிவிடும். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு குடும்பம் அந்த வீட்டில் படுத்துத் தூங்கும். பீம் வளைவுச் சோதனையும் பாடத்தில் உண்டு, விட்டுவிடாதீர்கள்.