கால் வளைஞ்சு பிறந்த குழந்தைங்க நல்லா நடப்பாங்களா? குழந்தைகள் எலும்பு ஆஸ்பத்திரியில வேலை செய்றவங்க யாராச்சும் அனுபவத்தைச் சொல்லுங்க

நடப்பாங்க. ஓடுவாங்க, கபடி ஆடுவாங்க, ஏற்காடு மலைப்பாதையில அப்பாவுக்கு முன்னாடி ஏறிப் போவாங்க. இதை நான் கண்ணால பாத்துட்டு சொல்றேங்க.

நான் டாக்டர் இல்ல. சேலத்துல பிள்ளைங்களுக்கு ஷூ, ஸ்பிளிண்ட் (அசையாம புடிச்சு வெக்கற தப்பை), காலிப்பர் (காலைத் தாங்கற கம்பிச் சட்டம்) எல்லாம் அளவெடுத்து செஞ்சு மாட்டி விடற வேலை. கிளினிக் நாள்ல காலைல இருந்து வராண்டாவுலதான் நிப்பேன், அதனால டாக்டர் ரூமுக்குள்ள பேசுறதை விட வெளிய உக்காந்திருக்கிறவங்க பேசுறதுதான் எனக்கு அதிகம் தெரியும். நல்லா நடப்பாங்களா, ஆஸ்பத்திரில அனுபவம் எப்படின்னு ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஏன்னா வளைஞ்ச காலை நேராக்கறது டாக்டர், அதை நாலு வருஷம் நேராவே வெச்சிருக்கறது வீட்டுல இருக்கற அம்மாவும் ஆயாவும்.

மொதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். பாதம் உள்பக்கமா திரும்பி, குதிகால் மேல தூக்கி, உள்ளங்கால் எதிர்க் காலைப் பாத்த மாதிரி இருக்கும். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைல ஒண்ணுக்கு இப்படி வருது, பொண்ணுங்களை விட பையங்களுக்கு ரெண்டு மடங்கு, பாதிப் பேருக்கு ரெண்டு காலுமே வளைஞ்சிருக்கும். பெரும்பாலானவங்களுக்கு இதுதான் காரணம்னு ஒண்ணைக் கை காட்ட முடியாது. ஆனா வீட்டுல சும்மா இருப்பாங்களா, கிரகணத்தன்னிக்கு வெளிய போன, அதான் இப்படின்னு அந்தப் பொண்ணு தலைல போட்டுடுவாங்க. குழந்தை பொறந்து பத்து நாள் கூட ஆகாத பச்சை உடம்புக்காரி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, துணியால குழந்தை காலை மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்கு மனசு கொதிக்கற இடம் இதுதான். கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அம்மா சாப்பிட்டது, நடந்தது, தூங்கினது எதுக்கும் சம்பந்தம் இல்ல. இதைப் படிக்கறவங்க வீட்டுல அப்படி யாராச்சும் பேசினா தயவுசெஞ்சு நிறுத்துங்க.

வைத்தியம் இப்ப உலகம் பூரா பெரும்பாலும் ஒரே முறைதான். ஸ்பெயின்ல பொறந்து அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டில வேலை பாத்த டாக்டர் இக்னாசியோ போன்செட்டி 1940கள் கடைசில ஆரம்பிச்சு வெச்சது. அப்பல்லாம் எல்லாரும் பெரிய ஆபரேஷன் பண்ணி காலை வெட்டித் திருப்பிக்கிட்டு இருந்தாங்க, அந்தப் பிள்ளைங்க பெரியவங்களானதும் பாதம் விறைச்சு வலியெடுக்கும். இவரு கத்தி வேண்டாம், கையால மெதுவா திருப்பி மாவுக்கட்டு போட்டாப் போதும்னு சொன்னாரு, ஆனா 1990கள் வரைக்கும் பெருசா யாரும் காதுல போட்டுக்கல. 2009ல தன்னோட 95வது வயசுல இறந்தாரு, அதுக்குள்ள உலகம் அவரு பக்கம் வந்துடுச்சு.

பொறந்த குழந்தை பாதத்துல எலும்பு பாதிக்கு மேல இன்னும் குருத்தெலும்பாத்தான் இருக்கும், பிஞ்சு வெண்டைக்கா மாதிரி சொன்ன பேச்சு கேக்கும். வாராவாரம் கொஞ்சம் திருப்பி, விரல்ல இருந்து தொடை வரைக்கும் முட்டியை மடக்கி வெச்சு மாவுக்கட்டு. அடுத்த வாரம் அதைப் பிரிச்சு இன்னும் கொஞ்சம் திருப்பி அடுத்த கட்டு. அஞ்சாறு கட்டுல பாதம் திரும்பிடும். குதிகால் மட்டும் இறங்காம நிக்கும், அதுக்கு நிறையப் பேருக்குக் குதிகால் பின்னாடி இருக்கற தசைநாரைச் சின்னதா ஒரு வெட்டு வெட்டி விடுவாங்க, மரத்துப் போற ஊசி போட்டு சில நிமிஷத்துல முடியற வேலை. நரம்பை வெட்டறாங்களாம், கால் வராம போயிடும்னு இங்கதான் பாதி குடும்பம் பயந்து ஓடப் பாக்கும். அது நரம்பு இல்லீங்க. அதுக்கு அப்புறம் மூணு வாரம் கடைசிக் கட்டு, பிரிக்கறதுக்குள்ள அந்த நார் நீளமா வளந்து கூடிடும்.

கட்டு போடற அந்த ரெண்டு மாசம் மலையில இருந்து வர்றவங்க படற பாடு இருக்கே. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துல இருந்து எஸ்டேட்டுல வேலை செய்றவங்க வருவாங்க. விடிகாலைல கெளம்பி ஏற்காடு வந்து, அங்க இருந்து பஸ் புடிச்சு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டி வந்து சேர்றதுக்குள்ள குழந்தை ஒரு தரம் வாந்தி எடுத்திருக்கும், அம்மா ஒரு தரம் எடுத்திருப்பா. மழைக் காலத்துல மண் சரிஞ்சு அந்த ரோட்டை அடைச்சுட்டா குப்பனூர் வழியா சுத்தி வரணும். காப்பிப் பழம் பறிக்கற சீசன்னா ஒரு நாள் வர்றது ஒரு நாள் கூலி போறது. அப்படியும் கட்டு நாளைத் தவற விடாம வர்றவங்கதான் அதிகம். ஆஸ்பத்திரில சிலபேரு இவங்களைப் பாத்து படிக்காதவங்க, சொன்னாப் புரியாதுன்னு பேசறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். விரல் நுனியை அமுக்கிப் பாத்தா வெள்ளையாகி உடனே சிவப்பு திரும்பணும், விரல் கட்டுக்குள்ள போயி மறைஞ்சா கட்டு நழுவிடுச்சுன்னு அர்த்தம், உடனே வரணும்னு ஒரு தடவை சொன்னாப் போதும், அடுத்த வாரம் அந்த அம்மாவே புதுசா வந்தவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருப்பா.

கட்டு முடிஞ்சதும் எங்கிட்ட வருவாங்க, ஷூவுக்கு. ரெண்டு ஷூவுக்கும் நடுவுல ஒரு கம்பி, அதோட நீளம் குழந்தையோட தோள் அகலம். வளைஞ்ச காலுக்கு வெளிப்பக்கமா 70 டிகிரி, நல்ல காலுக்கு 40 வாக்குல திருப்பி வெச்சு முடுக்குவேன். முன்பக்கம் விரல் தெரியற மாதிரி திறந்திருக்கும். குதிகால்கிட்ட ஒரு சின்ன ஓட்டை விடுவோம், அதுல எட்டிப் பாத்தா குதிகால் கீழ ஒக்காந்திருக்கான்னு தெரியும். மொதல் மூணு மாசம் நாளைக்கு 23 மணி நேரம் இது கால்ல இருக்கணும். அப்புறம் நாலஞ்சு வயசு வரைக்கும் ராத்திரியும் பகல் தூக்கமும், மொத்தம் 12ல இருந்து 14 மணி நேரம்.

அந்த 23 போக மிச்சம் இருக்கற ஒரு மணி நேரத்தை அம்மாமாரு எப்படிக் காபந்து பண்றாங்கன்னு பாக்கணும். வாரக்கணக்கா மாவுக்கட்டுல புள்ளைக்கு ஒழுங்கா எண்ணெய் தேச்சு ஊத்த முடியல, வெறும் துடைச்சு விட்டதுதான். இப்ப ஷூவைக் கழட்டினதும் காலை நீட்டி உக்காந்து, அந்தக் காலு மேல புள்ளையைக் குப்புறப் போட்டு, நல்லெண்ணெய் தேச்சு வெந்நி ஊத்தி, சாம்பிராணி காட்டி, தோலு எங்கயாச்சும் சிவந்திருக்கான்னு பாத்து, ஈரம் போகத் துடைச்சுட்டு உடனே சாக்ஸ் போட்டு திரும்ப ஷூ. சிவந்த இடத்துல எண்ணெய் மட்டும் தடவாதீங்கன்னு சொல்லியிருப்போம், தோலு மெத்துனு ஆயிட்டா புண்ணாயிடும். இன்னொண்ணு, கொப்புளம் வந்தா ஷூ இறுக்கம்னு நெனச்சு லூசாக்குவாங்க. லூசா இருந்து காலு உள்ள வழுக்கறதாலதாங்க கொப்புளமே வருது. குதிகாலை நல்லா உள்ள இறக்கி நடு வாரை இறுக்கணும்.

இதுல பெரிய ஆபத்து என்ன தெரியுங்களா? காலு நேரா, அழகா தெரியறதுதான். கட்டெல்லாம் முடிஞ்சு பாதம் நல்லா ஆன பிறகு இன்னும் எதுக்கு இந்தக் கம்பின்னு வீட்டுல கேப்பாங்க. ஒரு நாள் வராண்டாவுல ஒரு சின்னப் பொண்ணு அழுதுக்கிட்டே ஓமலூர்ப் பக்கத்து அக்கா ஒருத்தர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

"ராத்திரியெல்லாம் கத்தறான் அக்கா. எங்க மாமியார் கழட்டிப் போடுங்குது. காலுதான் நேராயிடுச்சே, இன்னும் எதுக்குப் புள்ளையக் கட்டிப் போட்டு வதைக்கறேங்குது."

"இவனும் அப்படித்தான் கண்ணு கத்துனான், மூணு நாலு ராத்திரி. அப்புறம் அதைப் போட்டாத்தான் தூக்கமே. நீ பாவம்னு கழட்டுனா மறுபடி மாவுக்கட்டுல இருந்து ஆரம்பிக்கணும், ஆமா. எங்க ஊருல ஒரு புள்ளைக்கு ரெண்டு வயசுல திரும்ப வளைஞ்சுக்குச்சு, ஷூ பரண் மேல கெடந்துச்சு."

சொல்லிட்டு, வராண்டாவுல ஓடிக்கிட்டு இருந்த தன் பையனைக் கூப்பிட்டு, ராத்திரி ஷூ யாரு போடுறதுன்னு கேட்டாங்க. அவன் தானே போட்டுக்குவேன்னு சொல்லிட்டு மறுபடி ஓடிட்டான். அந்தப் பொண்ணு அவன் காலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாங்க எத்தனை படம் காட்டி விளக்கினாலும் வராத தைரியம் அந்த ஒரு பையன் ஓடறதுல வந்துச்சு. அதனாலதான் நான் எப்பவும் சொல்றது, கட்டு முடிஞ்ச பெரிய பிள்ளைங்களையும் புதுசா வர்ற குழந்தைங்களையும் ஒரே நாள்ல வர வைக்கணும். தனித்தனி நாளாப் பிரிச்சா கூட்டம் குறையும், சரி, ஆனா இந்தப் பேச்சு நடக்காது.

அடுத்த தடவை அந்த மாமியாரையே கூட்டிட்டு வரச் சொன்னோம். அவங்க கையில ஷூவைக் கொடுத்து நீங்களே போடுங்க ஆயான்னு சொன்னேன். மொதல்ல கோவமாத்தான் இருந்தாங்க. எந்த ஓட்டைல வாரை மாட்டறதுன்னு கண்ணு தெரியலன்னு சொன்னாங்க. மருமக உடனே பையில இருந்து சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து அந்த ஓட்டையைச் சுத்தி ஒரு பொட்டு வெச்சா. அதுக்கப்புறம் ராத்திரி ஷூ மாட்டறது ஆயா வேலை, அவங்க கையில புள்ளை கத்தறதே இல்லைன்னு அவங்களே பெருமையா சொன்னாங்க. இப்ப நான் எல்லார் ஷூவுலயும் கொடுக்கும்போதே சிவப்புப் பொட்டு வெச்சுத்தான் கொடுக்கறேன்.

மத்த பிள்ளைங்களும் வருவாங்க. லேசா இடிச்சாலே எலும்பு முறியற வியாதி இருக்கற ஒரு சின்னப் பையன், அவனைத் தூக்கறதுக்கு முன்னாடி எங்க கை வைக்கணும்னு அவனே நர்சுக்குச் சொல்லுவான், "அக்கா, முதுகுக்கு அடில கைய விடுங்க, காலை இழுக்காதீங்க"ன்னு. மூளை வாதம் வந்து கால் விறைச்ச பிள்ளைங்க, அவங்களைப் பெரிய பிள்ளையான பிறகும் இடுப்புலயே தூக்கிட்டு வர்ற அம்மாங்க, அவங்க முதுகு வலியை யாரும் கேக்கறதில்ல. கொய்யா மரத்துல இருந்து விழுந்து முழங்கை உடைஞ்ச பசங்க லீவு நாள்ல நிறைய. இதுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், முழங்கை உடைஞ்ச பிள்ளைக்கு மூங்கில் தப்பை வெச்சு இறுக்கிக் கட்டிட்டு ரத்த ஓட்டம் நின்னா சில மணி நேரத்துலயே சதை செத்து, விரல் மடங்கினது மடங்கினபடியே நின்னுடும். கட்டின பிறகு விரலை நீட்டி விட்டா பிள்ளை துடிக்குதுன்னா ராத்திரின்னு பாக்காதீங்க, கட்டைப் பிரிச்சு உடனே ஆஸ்பத்திரி ஓடுங்க.

போலியோவுக்குக் காலிப்பர் போடறவங்க எல்லாம் இப்ப பெரியவங்கதான், பிள்ளைங்க யாரும் இல்ல. நம்ம நாட்டுல இயற்கையா பரவற போலியோ கிருமியால வந்த கடைசி கேஸ் 2011 ஜனவரி, 2014ல போலியோ இல்லாத நாடுன்னு சான்று கிடைச்சுடுச்சு. எங்க பட்டறையில ஒரு காலத்துல பிள்ளைங்களுக்குன்னு அடிச்ச குட்டிக் காலிப்பர் அச்சு ஒண்ணு தூசி படிஞ்சு கெடக்கு. அது அப்படியே கெடக்கட்டும்னு இருக்கு எனக்கு.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். குழந்தை பொறந்த ஒண்ணு ரெண்டு வாரத்துலயே ஆரம்பிக்கறது நல்லது, ஆனா மாசம் ஓடிப்போச்சேன்னு விட்டுடாதீங்க, நடக்க ஆரம்பிச்ச பிள்ளைங்களுக்கும் இதே முறைல சரி பண்றாங்க, கட்டு கொஞ்சம் கூடுதலாகும். தானா சரியாயிடும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, எண்ணெய் போட்டு உருவி விட்டா நேராயிடும்னு சொன்னாலும் நம்பாதீங்க. 2013ல இருந்து அங்கன்வாடி, ஸ்கூலுக்கு வந்து பிள்ளைங்களைப் பாக்கற அரசாங்க மருத்துவக் குழு இருக்கு, அவங்க லிஸ்டுல இந்தக் கால் வளைவும் உண்டு, கிராம நர்சுகிட்ட சொன்னாலே வழி காட்டுவாங்க. சேலம்னா அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுல போய்க் கேளுங்க. போகும்போது ஷூ போடப் போற ஆளு யாரோ, அப்பாவோ ஆயாவோ, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, அம்மாவை மட்டும் தனியா அனுப்பாதீங்க. ஷூ வாங்கின பிறகு விரல் முன்னாடி விளிம்பைத் தாண்டி வெளிய நீட்டிச்சுன்னா சைஸ் பத்தலன்னு அர்த்தம், அடுத்த சைஸ் வர்ற வரைக்கும் போடாம விட்டுடாதீங்க, பழையதையே மாட்டிக் கூட்டிட்டு வாங்க, அன்னிக்கே அளவெடுத்து மாத்திக் கொடுத்துடுவோம்.